பாதி வண்டியின் விலை

தார்ப்பாயின் ஒரு மூலையை நானும் இன்னொரு மூலையை அத்தானும் பிடித்துத் தூக்கியபோது உள்ளேயிருந்து ஓர் எலி வெளியே வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் சுவரோரமாக நடந்து போனது. "பாத்தியா மாப்ள, குடியிருந்தவரைக் காலி பண்ண வெச்சுட்டோம்" என்றார் அத்தான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வேண்டிய அளவுக்கு மேல் கொஞ்சம் நீண்டுவிட்டதாக எனக்கே பட்டது. அத்தான் தார்ப்பாயை நான்காக மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, ஓரமாக வைத்தார். எதையும் மடிக்காமல் கீழே போட மாட்டார். பிறகு கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். விபத்தில் அடிபட்ட கார்களைப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பது அவர் தொழில். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் வண்டிகளைச் சுற்றி வருகிறார், எப்போதும் இடது முன்சக்கரத்தில் ஆரம்பித்து.

இந்த வண்டி நாங்கள் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. வாங்கிப் பதிமூன்று வருஷம் ஆகிறது. மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் பின்பக்கம், இடுப்புயரப் புல்லுக்குள் நின்றிருந்ததை அத்தான்தான் கண்டுபிடித்தார். எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. நீண்ட மூக்கு, வட்டமான முகவிளக்குகள், ஒரு கீறல்கூட இல்லாத அசல் கண்ணாடி. முதல் இரண்டு வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் இந்தக் கொட்டகைக்கு வந்தோம். என்ஜினைப் பிரித்தோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் பிஸ்கட் டின்களில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று நான் சீட்டு எழுதி ஒட்டினேன். நாற்பத்தொரு டின்கள். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. முதலில் வராமல் இருந்தது யார் என்றுகூட நினைவில்லை. நானாக இருக்கலாம், அவராகவும் இருக்கலாம். அடுத்த ஞாயிறு போய்க்கொள்ளலாம் என்று இருவரும் நினைத்திருப்போம். அப்படி நினைத்தபடியே பதினோரு வருஷம் போனது. வாடகை மட்டும் தவறவில்லை, ஒரு மாதம் அவர், ஒரு மாதம் நான்.

போன வாரம் கொட்டகையின் சொந்தக்காரர் கூப்பிட்டார். இடத்தை விற்கிறாராம். "நீங்க வண்டியக் கொண்டாந்து விட்டப்ப என் பொண்ணு பால்பல்லு விழுந்து நின்னுது. இப்ப படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிட்டா. உங்க வண்டி இன்னும் கிளம்பல" என்றார். ஞாயிறு பதினோரு மணிக்கு இழுவை வண்டி ஒன்றையும் அவரே ஏற்பாடு செய்துவிட்டார். வண்டி இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். எடுத்துக்கொள்கிறவர் மற்றவருக்கு அவருடைய பாதியின் விலையைக் கொடுக்க வேண்டும். அந்த விலை என்ன என்பதைப் பதினோரு மணிக்குள் பேசி முடிக்கத்தான் வந்திருந்தோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பொதுவில் வாங்கிய எதையாவது பிரிக்க நேர்ந்தால் ஒருவர் பிரிப்பார், மற்றவர் எடுப்பார். பிரிக்கிறவருக்கு எந்தப் பங்கு தன் பக்கம் வரும் என்று தெரியாது. அதனால் நியாயமாகத்தான் பிரித்தாக வேண்டும். ஸ்பேனர் செட்டை அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். வண்டியை அறுக்க முடியாது என்பதால் விலையை வைத்து அதையே செய்வதென்று முடிவானது. ஒருவர் பாதிக்கு ஒரு விலை சொல்வார். மற்றவர் அந்த விலையைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்கலாம், அல்லது அதே விலையை வாங்கிக்கொண்டு வண்டியை விடலாம். "விலைய நீ சொல்லிடு மாப்ள. நான் சொன்னா நல்லாருக்காது. அதுதான் என் பொழப்பே" என்று அத்தான் போனில் சொல்லியிருந்தார்.

எதற்கும் ஆசைப்படாமல் நியாயமான ஒரு விலையைச் சொல்லிவிட்டு, வருவதை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அதுவரை இருந்தேன். வியாழக்கிழமை மதியம் அக்கா பட்டறைக்குப் போன் செய்தாள். எனக்குப் பல் செட் செய்கிற தொழில். டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள், முகத்தைப் பார்க்காமலே நான் பல்லைச் செய்து அனுப்புவேன். அப்போது கையில் யாருடையதோ மேல் வரிசை இருந்தது. அக்கா இரண்டு நிமிஷம் என் மனைவியைப் பற்றியும் பையனைப் பற்றியும் கேட்டாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"உங்கத்தானுக்கு நாலு மாசமா வேலை இல்லடா" என்றாள்.

"என்னாச்சு?"

"யாரோ ஒருத்தருக்கு நியாயமா எழுதிட்டாராம். அது கம்பெனிக்குப் பிடிக்கல, அதுலருந்து ஒரு ஃபைலும் வரல. காலையில ஒம்பது மணிக்குச் சட்டை மாட்டிக்கிட்டு, சைட்டுக்குப் போறேன்னு கிளம்பறார். எங்க போறார்னு தெரியல. எனக்குத் தெரியும்னே அவருக்குத் தெரியாது. நீயும் கேட்டுடாத."

"நான் ஏதாவது குடுக்கட்டுமா?"

"அவர் வாங்குவாரா? நம்மப்பா கல்யாணத்துக்குப் போட்ட வாட்சையே அடுத்த நாள் திருப்பிக் குடுத்த ஆளு." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்த வண்டிக்கு நல்ல விலையா சொல்லு. வண்டிக் காசுன்னா வாங்கிக்குவார். அது அவர் பணந்தானே."

அதன் பிறகு மூன்று நாட்கள் எனக்கு அந்த விலையைத் தவிர வேறு நினைப்பு இல்லை. சரி செய்து முடித்த இதே மாதிரி வண்டி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தேன். அதிலிருந்து தகர வேலை, என்ஜின் வேலை, வயரிங், சீட், பெயின்ட் எல்லாவற்றையும் கழித்தேன். கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வண்டியே மிஞ்சவில்லை. பழைய இரும்பு விலையிலிருந்து மேலே கூட்டிக்கொண்டு வந்தால் வேறோர் இடத்தில் போய் நின்றது. இரண்டுக்கும் நடுவில் பாதி வண்டிக்கு ஒரு லட்சம் என்று சொன்னால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு லட்சம் அக்கா வீட்டுக்கு எத்தனை மாதம் வரும்? பீங்கான் பல் சுடுகிற புதிய மின் அடுப்பு வாங்க இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருந்தேன். இருக்கிற அடுப்பு இன்னும் ஒரு வருஷம் ஓடும். இரண்டு சொல்லலாம். இரண்டு சொன்னால் அவர் பணத்தை எடுத்துக்கொள்வார், வண்டி என் வீட்டு வாசலில் வந்து நிற்கும். எதையோ ஏமாற்றப் போகிறவனைப் போலப் படபடப்பாக இருந்தது. ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு எதற்குப் படபடப்பு என்று புரியவில்லை. சொல்லாமல் கொடுப்பது திருடுவதைப் போலத்தான் இருக்கும் போல.

அத்தான் ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாவது சுற்று வந்தார். குனிந்து அடித்தகரத்தை விரல் முட்டியால் தட்டினார். அந்த இடம் அப்பளம் போல உதிர்ந்தது. "இங்க போயிருச்சு" என்றார். பானட்டைத் தூக்கி, என்ஜின் இருந்த வெற்றிடத்தை நெடுநேரம் பார்த்தார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பேனா பையில் இருந்தது. நான்கு மாதமாக வேலை இல்லாத மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்ததா, இல்லை எப்போதுமே அப்படித்தானா? இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிற முகம். கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"பஸ்லயா வந்த?" என்றார், பானட்டுக்குள் பார்த்தபடியே.

"ஆமா அத்தான்."

"பைக்?"

"குடுத்துட்டேன்."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்கு அப்போது சாதாரணமாகத்தான் கேட்டது. முதுகெலும்பில் தட்டு ஒன்று விலகியிருக்கிறது, இரண்டு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. அக்கா கவலைப்படுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெளியே தெருவில் இழுவை வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அத்தான் பானட்டை மூடினார். அறையாமல், கடைசி ஒரு சாண் வரை கையால் இறக்கி மூடினார். "சரி, சொல்லு மாப்ள."

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டு என்ன?"

"லட்சம். பாதிக்கு."

அவர் என்னைப் பார்த்தார். சேதத்தைப் பார்க்கிற பார்வை அது. எந்தப் பக்கமிருந்து அடி விழுந்திருக்கும், எவ்வளவு ஆழம், உள்ளே எது வளைந்திருக்கும் என்று தேடுகிற பார்வை. நான் முகவிளக்கைப் பார்த்துக்கொண்டேன். கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் விரிந்து எங்கோ ஒருமுறை 'டிக்' என்றது. மூன்று நாட்களாக இந்த இடத்தை நான் மனதில் பலமுறை நடத்திப் பார்த்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர், 'சரி மாப்ள, பணத்தைக் குடு' என்பார். நான் கொஞ்சம் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அந்த முகத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சரி. வண்டிய நான் எடுத்துக்கறேன்" என்றார் அத்தான். "பணம் அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடும்."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, பொறாமை போல ஒன்று வந்தது. மூன்று நாட்களில் எப்போதோ நான் இந்த வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டிருக்கிறேன். நாற்பத்தொரு டின்களையும் அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டிருக்கிறேன். அது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது. அப்படியென்றால் இரண்டு லட்சம் என்று சொன்னது அவருக்காகவா, இல்லை எனக்காகவா? பயம் அதற்குப் பிறகு வந்தது. இவர் எங்கிருந்து கொடுப்பார்?

"இல்ல அத்தான், கொஞ்சம் அதிகமா சொல்லிட்டேன். திருப்பி யோசிச்சு..."

"சொன்னது சொன்னதுதான். பிரிச்சதுக்கப்புறம் கை வைக்கக் கூடாதுல்ல?" சிரித்தார். "பாதிக்குத் தொண்ணூறுக்கு மேல தாங்காது மாப்ள. உனக்கும் அது தெரியும். நீ விசாரிக்காம வர்ற ஆள் இல்ல. நான் பணத்த எடுத்துக்கறேன்னு சொல்லியிருந்தா உன் கதி என்ன? எவ்வளவு முடை இருந்தா இப்படி ஒரு விலைய வாய் விட்டுச் சொல்லியிருப்ப."

"முடையா? எனக்கா?"

"எனக்குத் தெரியும். விடு."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல அத்தான். முதுகு வலி. அதனாலதான் பைக்கக் குடுத்தேன்."

"நானும் அப்படித்தான் சொல்லுவேன்" என்றார் அத்தான்.

இதைச் சொல்லிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். 'உங்களுக்குத்தான் வேலை இல்லையே' என்று சொன்னால் எல்லாம் நேராகிவிடும். அக்காவும் அவரும் இருக்கிற வீட்டில் எது கோணலாகும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இரண்டு லட்சம் என் கைக்கு வரும். அதை வாங்காமல் இருக்க ஒரு காரணம்கூட என்னிடம் இல்லை. அவர் காலால் மிதிக்கிற பம்ப்பை எடுத்து வந்து, இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்து மிதிக்க ஆரம்பித்தார். ஒரே சீராக மிதித்தார். பல நாட்களாகச் செய்ய ஒரு வேலை இல்லாமல் இருந்தவர் மிதிப்பது போலவும் இருந்தது, தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டவர் மிதிப்பது போலவும் இருந்தது. யாருக்குத் தெரியும், வண்டி மேல் ஆசை அவருக்கும் இருந்திருக்கலாம். என் கஷ்டத்தின் பேரில் அவர் தன் ஆசையை வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. உடனே அந்த நிம்மதி அசிங்கமாக இருந்தது.

அக்கா அப்போதுதான் வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. பிளாஸ்கும் மூன்று டம்ளரும் கையில். அத்தானைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்க்கவில்லை. டீயை ஊற்றுகிற சாக்கில் கதவோரமாக என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்ன சொன்னார்?"

"வண்டி அவருக்காம்."

டீ டம்ளரின் விளிம்பு வரை வந்து நின்றது. அக்கா சிந்தாமல் நிறுத்தினாள்.

"எவ்வளவுக்கு?"

"ரெண்டு லட்சம்."

"அடப்பாவி."

"நீதானே நல்ல விலையா சொல்லச் சொன்ன." நான் குரலைத் தாழ்த்தினேன். "எனக்குப் பணமுடைன்னு அவர்கிட்ட யாருக்கா சொன்னது?"

அவள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். "நான்தான் சொன்னேன். வண்டிய அவனே சும்மா எடுத்துக்கட்டும், மச்சினன்கிட்ட நான் விலை பேசறதான்னு உக்காந்துட்டார். உனக்கும் கஷ்டம், சும்மா குடுத்தா உனக்கு மரியாதையா இருக்காது, போய்ப் பேசி முடிச்சுட்டு வாங்கன்னு அனுப்பினேன். வந்துட்டா போதும், பணத்தக் கண்ணுல பாத்தா வாங்கிக்குவார்னு நினைச்சேன்." பம்ப்பின் சத்தம் நின்றது. அவளும் பேச்சை நிறுத்தினாள். அடுத்த சக்கரத்தில் சத்தம் தொடங்கியதும் தொடர்ந்தாள். "இருபத்திரண்டு வருஷமா குடும்பம் நடத்தறேன். மனுஷனைத் தெரியல பாரு. அதுக்கேத்த மாதிரி நீயும் பஸ்ல வந்து நிக்கற."

"பணத்துக்கு எங்க போவார்?"

"எங்க போவார். அவர் கார வித்துருவார். ஓடற கார வித்துட்டு ஓடாத கார வாங்கற ஆள நீ பாத்திருக்கியா? நாளைக்கே ஒரு ஃபைல் வந்தா சைட்டுக்கு எதுல போவார்?" அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தேன். வாய் சிரித்தது. "நான் போய்ச் சொல்லிடட்டுமா? எல்லாத்தையும்?"

"சொல்லு" என்றேன். அடுத்த நொடியே, "இப்ப வேணாம்" என்றேன். அக்கா தலையை ஆட்டினாள். இரண்டில் எதற்கு ஆட்டினாள் என்று கேட்கவில்லை.

இழுவை வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். சந்து குறுகலாக இருப்பதால் பெரிய வண்டி உள்ளே வராதாம், வெளியே தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். "வலது பக்கமா, இடது பக்கமா? அதுக்கேத்த மாதிரி நிறுத்திக்கறேன்" என்று கேட்டார். அத்தானின் வீடு வலது பக்கம். என் வீடு இடது பக்கம், எட்டு மைல். "வலது" என்றார் அத்தான். அதே நேரம், என்னையறியாமல், "கொஞ்சம் இருங்க" என்றேன் நான். வண்டிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "பேசிக்கிட்டுச் சொல்லுங்க சார், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார்.

அத்தான் கடைசிச் சக்கரத்தையும் முடித்து, பம்ப்பின் குழாயைச் சுருட்டி வைத்தார். "ஒரு ஆள் ஸ்டியரிங் பிடிக்கணும். நம்ம ரெண்டு பேரும் தள்ளினாத்தான் நகரும்" என்றார். யாரும் எதுவும் சொல்வதற்குள் அக்கா கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சீட்டில் பஞ்சு கிடையாது, கம்பிதான். சேலையை ஒதுக்கிக்கொண்டு கம்பி மேல் உட்கார்ந்து, பெரிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, மிக நேராக முன்னால் பார்த்தாள்.

நானும் அத்தானும் பின்னால் போய்க் கை வைத்தோம். தூசியில் நான்கு உள்ளங்கைகள் பதிந்தன. "ஒண்ணு, ரெண்டு" என்றார் அத்தான். மூன்று சொல்லவில்லை. முதுகில் ஊசி ஏறியது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். கடித்த பிறகுதான், கடிக்காமல் கத்தியிருக்கலாமே என்று தோன்றியது. வண்டி அசையவில்லை. பதினோரு வருஷம் அழுந்தி நின்ற சக்கரங்கள் மண்ணை விடவில்லை. பிறகு எங்கோ அடியில் ஒரு முனகல் கேட்டது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட லேசாக அது நகர்ந்துவிட்டது. கதவு நிலையைத் தாண்டி, சந்தின் வெயிலுக்குள் மூக்கை நீட்டியது. அத்தானின் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

சந்து லேசான இறக்கம். இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது, அதன் பாகங்கள் ஏழாம் எண் டின்னில் இருந்தன. அக்கா திருப்பவில்லை. கைகள் பிடித்த இடத்திலேயே இருந்தன. நாங்கள் தள்ளுகிறோமா, பிடித்து இழுக்கிறோமா என்று எங்களுக்கே விளங்காத ஒரு வேகத்தில் வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. சந்து முடிகிற இடத்துக்கு எதிரே, தெருவின் மறுபக்கத்து வீட்டுச் சுவரில் வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது. அதன் செங்கற்கள் ஒவ்வொன்றாகத் தெளிவாகிக்கொண்டு வந்தன.